கணினிப் புதுப்பிப்பும் புதன்கிழமைக் காலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பாதுகாப்பு பற்றி நாளிதழ்களில் வெளியாகும் குறிப்புகளில் ஓர் அறிவுரை தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது: இயங்குதளத்துக்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் உடனுக்குடன் நிறுவிக்கொள்ளுங்கள் என்பதே அது. அறிவுரை சரியானதுதான். ஆனால், அதை அப்படியே பின்பற்றிய ஒருவரின் கணினி மறுநாள் காலையில் எழுந்திருக்க மறுத்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் எழுதக் காணோம். கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சு, ஜெராக்ஸ், அழைப்பிதழ் வடிவமைப்பு என்று ஒரு சிறு கடையை நடத்திவருபவன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தப் பாதியைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புதுப்பிப்பே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். இரண்டு ஆண்டுகள் என் கடையின் கணினிகளில் புதுப்பிப்பை முழுவதுமாக நிறுத்தியே வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பென்டிரைவ்கள் வந்துபோகும் கடை அது. கல்லூரி மாணவர் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகினால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறி நிற்கும். அடுத்து வருபவரின் பென்டிரைவுக்கும் அது தொற்றும். "உங்க கடையிலதான் வைரஸ் ஏறிடுச்சு" என்ற பெயரும் நமக்கே வந்துசேரும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதங்களில் அதை நிறுவாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. ஆகவே திருத்தம் அவசியம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அது எப்படி வருகிறது, கெட்டுப்போனால் அதற்கு என்ன மருந்து தரப்படுகிறது, அந்த மருந்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான் என் மனக்குறை.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் இயங்குதளம், எந்த ஆண்டு என்பதை எழுதவில்லை. குறை ஒரே நிறுவனத்துக்கு உரியதன்று. வைகாசி முகூர்த்த நேரம். காலை பத்து மணிக்குப் பெண்ணின் தகப்பனார் ஒருவர் அழைப்பிதழின் மாதிரியைப் பிழை பார்க்க வந்தார். திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. முப்பது சதவீதம் முடிந்ததாகவும், கணினியை அணைக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. "காப்பி சாப்ட்டு வந்துடறேன் தம்பி" என்று போனார். திரும்பி வந்தபோதும் முப்பதுதான். சாரங்கபாணி கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டும் வந்தார். "இன்னும் அதே முப்பதுதானா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி அளவில் கணினி திறந்தது. திறந்ததும் அழைப்பிதழில் தமிழைக் காணோம். கட்டங்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து கிடந்தன. அழைப்பிதழ்த் தொழிலில் உள்ள பலரும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்திய பழைய எழுத்துருக்களையும், அவற்றைத் தட்டச்சு செய்வதற்கென எழுதப்பட்ட சிறு மென்பொருள்களையுமே இன்றும் நம்பியிருக்கிறோம். அந்த மென்பொருளைப் புதுப்பிப்பு முடக்கிவிட்டிருந்தது. அதை எழுதிக்கொடுத்தவர் தொழிலை விட்டே பல ஆண்டுகள் ஆகின்றன.

வழக்கமாக வரும் பழுதுநீக்குநரை அழைத்தேன். அரை மணி நேரம் பார்த்தார். "ஃபார்மட் அடிச்சிடலாம்ணே, வேற வழி இல்ல" என்றார். கோப்புகள் இருக்கும் வன்தட்டை முழுவதும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது அது. சிறு ஊர்களில் கணினிக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அதுதான்; தலைவலிக்கும் ஃபார்மட், வயிற்றுவலிக்கும் ஃபார்மட். கோப்புகளை எல்லாம் வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் செய்தார். ஆனால் டெஸ்க்டாப்பில் கிடந்த ஒரு கோப்புறை அவர் கண்ணிலும் படவில்லை, என் நினைவிலும் வரவில்லை. பத்தாண்டுகளாகச் சேர்த்த அழைப்பிதழ் மாதிரிகள் அதில்தான் இருந்தன. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளைச் செய்தவர்களே கைவிரிக்கும் இடத்தில், ஐந்நூறு ரூபாய்க்கு வந்தவர் வேறென்ன செய்வார்?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் புதுப்பிப்புகளின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விண்டோஸைப் பற்றியே வெளிப்படையான பதிவுகள் மிகுதியாகக் கிடைப்பதால் இனி அதிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். மைக்ரோசாஃப்ட் 2003ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையில் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டுவருகிறது. அவை வெளியாகும் நேரமான, அமெரிக்காவின் மேற்குக் கரையின் காலை பத்து மணி என்பது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு திருத்தம் வருகிறது. அதன் பலனைப் புதன்கிழமை காலையில் முதல் வாடிக்கையாளர் முன்னிலையில்தான் நாம் காண்கிறோம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற ஊரில், இரண்டாவது புதன்கிழமையன்று அவசர வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதே என்று நான் கடைப்பையனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

என்னை மிகவும் வியக்கவைத்த திருத்தம் 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்பது. கணினி திறக்காமல் போனால் அதை மீட்டெடுப்பதற்கென வன்தட்டின் ஓரத்தில் ஒரு சிறு பகுதியை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிவைத்திருக்கும். அந்த மீட்புப் பகுதியின் வழியாக, பிட்லாக்கர் என்னும் வன்தட்டுப் பூட்டை ஏமாற்றி உள்ளே நுழைய முடியும் என்று கண்டறியப்பட்டது. கணினியைக் கையில் எடுத்தவரால்தான் அதைச் செய்ய முடியும். தொலைவில் இருப்பவரால் முடியாது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்துக்கு மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. பல கணினிகளில் அந்த இடம் இல்லை. அந்தப் பகுதியின் அளவைப் பயனர் யாரும் முடிவுசெய்யவில்லை. இயங்குதளத்தை நிறுவிய நிரலோ கணினியைச் செய்த நிறுவனமோ ஒதுக்கிய அளவு அது. திருத்தம் தோல்வியடைந்தது, மீண்டும் முயன்றது, மீண்டும் தோல்வியடைந்தது. பிட்லாக்கரைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதவர்களின் கணினிகளுக்கும் அது வந்துகொண்டிருந்தது.

போதிய இடம் இல்லை என்று திரை சொல்லியிருந்தாலாவது மக்களுக்குப் புரிந்திருக்கும். 80070643 என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டி, நிறுவுதல் தோல்வி என்று பொதுப்படையாகச் சொன்னது. இடப்பற்றாக்குறைக்கு உரிய பிழைச்செய்தி வேறு இருந்தும், பிழை எண்களைக் கையாளும் நிரலிலேயே ஒரு பிழை இருந்ததால் தவறான எண் காட்டப்பட்டது என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. பிழையைச் சொல்லும் வாயிலும் பிழை!

இதற்குத் தரப்பட்ட பரிகாரத்தைக் கேளுங்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி அதிகாரத்துடன் திறக்க வேண்டும். ரீஏஜென்ட்சி என்ற கட்டளையால் மீட்பு வசதியை முடக்க வேண்டும். டிஸ்க்பார்ட் என்ற நிரலுக்குள் புகுந்து, வன்தட்டுகளைப் பட்டியலிட்டு, இயங்குதளம் இருக்கும் பகுதியின் எண்ணைத் தேர்ந்து, அதை 250 எம்பி சுருக்க வேண்டும். அடுத்து, மீட்புப் பகுதியின் எண்ணைத் தேர்ந்து அதை அழிக்க வேண்டும். பின்னர் புதிதாக ஒரு பகுதியை உருவாக்கி, எழுத்தும் எண்ணும் கலந்த மிக நீண்ட ஓர் அடையாளக் குறியை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டச்சு செய்து, அந்தப் பகுதியை ஃபார்மட் செய்து, மீட்பு வசதியைத் திரும்பவும் இயக்க வேண்டும். நான் தட்டச்சையே தொழிலாகக் கொண்டவன். எனக்கே கை நடுங்கியது. பகுதிகளைத் திரை வெறும் எண்களாகத்தான் காட்டும். மூன்று என்பதற்குப் பதிலாக இரண்டு என்று அடித்துவிட்டு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால், பிள்ளையின் பிறந்தநாள் படங்களிலிருந்து ஜிஎஸ்டி கணக்கு வரை மொத்தமும் போகக்கூடும். வேலையைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தியிருந்தார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் கணினியில் தட்டுவது பில் மட்டுமே. அவரிடம் இந்தக் கட்டளைகளைக் கொடுப்பதும், வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று புகார் சொன்னவரிடம் கடப்பாரையைக் கொடுத்துத் தெருவைத் தோண்டிக்கொள்ளச் சொல்வதும் ஒன்றுதான்.

தானாகவே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு வரும் என்று பலரும் காத்திருந்தார்கள். வராது, கையால்தான் செய்துகொள்ள வேண்டும் என்று ஏப்ரல் இறுதியில் அறிவித்துவிட்டார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த ஆண்டு, 2025 ஏப்ரலில், அதே மீட்புப் பகுதிக்கு இன்னொரு திருத்தம் வந்தது. அதே 80070643 பிழை எண்ணே திரையில் தோன்றியது. இந்த முறை நிறுவனம் தந்த விளக்கம், பிழைச்செய்தி துல்லியமானதன்று, மறுதொடக்கம் செய்தால் திருத்தம் பெரும்பாலும் நிறுவப்பட்டிருக்கும், கணினியின் செயல்பாட்டுக்குப் பாதிப்பில்லை என்பது. முந்தைய ஆண்டு அந்த எண்ணைக் கண்டு வன்தட்டைப் பிரித்து மேய்ந்தவர், இந்த ஆண்டு அதே எண்ணைக் கண்டும் காணாமல் இருக்க வேண்டும். எந்த ஆண்டின் எண்ணை நம்புவது, எந்த ஆண்டின் எண்ணை உதாசீனப்படுத்துவது என்று பயனருக்கு எப்படித் தெரியும்?

மீட்புப் பகுதிக்கு நேர்ந்தது அதோடும் நிற்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த திருத்தத்தை நிறுவிய கணினிகளில், மீட்புத் திரைக்குள் போனால் யூஎஸ்பி விசைப்பலகையும் சுட்டியும் வேலைசெய்யவில்லை. வழக்கமான திரையில் இரண்டும் நன்றாக இயங்கின. கணினி படுத்துவிட்டால் கைகொடுக்க வேண்டிய திரையில் மட்டும் செத்துக் கிடந்தன. தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது, குழாயின் வாய் மட்டும் திறக்கவில்லை என்பது போன்ற நிலை. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டார்கள். ஆறே நாளில் வந்தது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்குள்ளாகவே மீட்புத் திரையில் சிக்கிக்கொண்டவர் அந்த அவசரத் திருத்தத்தை எப்படி நிறுவுவார்? தொடுதிரை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், பிஎஸ்2 இணைப்பு இருந்தால் அந்த வகை விசைப்பலகையைச் செருகுங்கள், முன்கூட்டியே மீட்பு யூஎஸ்பி செய்துவைத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். பிஎஸ்2 என்றால் இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. ஊதா நிறத்தில் விசைப்பலகைக்கு ஒன்றும் பச்சை நிறத்தில் சுட்டிக்கு ஒன்றுமாக, கணினியின் பின்புறத்தில் உருண்டையாக இருக்கும் பழைய துளைகள் அவை. என் கடைப் பரணில் அப்படிப்பட்ட விசைப்பலகை ஒன்று பழைய துணி சுற்றிக் கிடக்கிறது. அதைச் செருகும் துளைதான் இப்போது விற்கும் மடிக்கணினிகளில் இல்லை.

ஒரு திருத்தத்தைத் திருத்த இன்னொரு திருத்தம், அதைத் திருத்த மற்றொன்று என்று போவதற்கு அச்சுத்தொழிலில் உள்ளவர்களுக்கு மறக்க முடியாத எடுத்துக்காட்டு 2021 மார்ச் மாதம். மார்ச் 9 அன்று வந்த திருத்தத்துக்குப் பிறகு, கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா போன்ற சில அச்சுப்பொறிகளுக்கு அச்சிடும் ஆணை கொடுத்த மாத்திரத்தில் கணினி நீலத்திரை காட்டி விழுந்தது. மார்ச் 15 அன்று அதற்கொரு திருத்தம் வந்தது. விழுவது நின்றது; ஆனால் சில செயலிகளிலிருந்து அச்சிட்டால் பார்கோடு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் விழுவதும், அட்டவணையின் கோடுகள் காணாமல் போவதும், லேபிள்கள் வெற்றுத் தாளாக வெளிவருவதும் மிஞ்சின. அதற்காக மார்ச் 18 அன்று இன்னொன்று. ஒன்பது நாளில் மூன்று. அதே ஆண்டு ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற அச்சுப் பாதுகாப்பு ஓட்டைக்காக வேறொரு சுற்று தொடங்கியது. அதை எழுதப் புகுந்தால் தனிக் கடிதம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை உறுத்துவது 2018இல் நடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சிலரின் ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? ஆவணக் கோப்புறையை வேறு வன்தட்டுக்கு மாற்றி வைத்துக்கொண்டவர்கள், முந்தைய பதிப்பில் பழைய இடத்தில் ஒரு வெற்றுக் கோப்புறை தேவையில்லாமல் நிற்கிறது என்று குறைசொல்லியிருந்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க, வெற்றுக் கோப்புறைகளை நீக்கும் நிரலைப் புதிய பதிப்பில் சேர்த்தார்கள். புதுப்பிப்பின் வரிசைமுறையில் செய்த வேறொரு மாற்றத்தோடு சேர்ந்து, அந்த நிரல் பழைய இடத்தில் கோப்புகள் இருந்தாலும் கோப்புறையை அப்படியே நீக்கிவிட்டது. வீட்டில் காலிப் பெட்டி ஒன்று இடத்தை அடைக்கிறது என்று சொன்னவரின் நகைப்பெட்டியைக் குப்பையில் போட்ட கதை. நாலு நாளில் வெளியீட்டை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். கோப்புகளை இழந்ததாகப் புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் மட்டுமே என்று விளக்கம் வந்தது. அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு.

அந்தப் பதிப்பை முன்கூட்டியே சோதித்துப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர், கோப்புகள் காணாமல் போவதை வெளியீட்டுக்கு முன்பே எழுதித் தெரிவித்திருந்தார்கள் என்பதுதான் வேதனை. 2014 முதல் விண்டோஸ் இன்சைடர் என்ற பெயரில் பொதுமக்களையே சோதனையாளர்களாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே குவியும் ஆயிரக்கணக்கான கருத்துகளுக்கிடையே, பொத்தானின் நிறம் பிடிக்கவில்லை என்பதும் என் கோப்புகள் போய்விட்டன என்பதும் ஒரே வரிசையில் நின்றன. பாதிப்பின் தீவிரத்தைக் குறிப்பிடும் வசதியை அந்தச் சம்பவத்துக்குப் பிறகே சேர்த்தார்கள்.

ஆப்பிள் நிறுவனம் செய்ததோ இன்னொரு வகை. பேட்டரி பழையதான ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, 2017 ஜனவரியில் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1இல் அத்தகைய போன்களின் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். அணைவது குறைந்தது. ஆனால் வேகம் ஏன் குறைந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கியவர் எத்தனை பேரோ! அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டார்கள். பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். போதிய தகவல் தராததற்காக 2020இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது.

பயனருக்குத் தேர்வே இல்லாமல் செய்திருப்பதுதான் இவற்றின் வேர் என்று எனக்குப் படுகிறது. பழைய விண்டோஸில் திருத்தங்கள் தனித்தனியே வரும். வேண்டியதை எடுத்துக்கொண்டு சந்தேகமானதை ஒதுக்கிவைக்கலாம். விண்டோஸ் 10 வந்தபிறகு எல்லாம் ஒரே மூட்டை. பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் அதனோடு வரும் மற்ற மாற்றங்களையும் ஏற்கத்தான் வேண்டும். மூட்டையில் ஒரு கத்தரிக்காய் சொத்தை என்று தெரிந்தால் மூட்டையையே திருப்பித்தர வேண்டும். திருப்பித்தந்தால் ஓட்டை அடைபடாது. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து, வீட்டுப் பயனர்களும் 35 நாள் வரை புதுப்பிப்பை நிறுத்திவைக்கலாம் என்று ஆயிற்று. கெட்டுப்போன மாற்றத்தை நிறுவனமே தொலைவிலிருந்து திருப்பியெடுக்கும் ஏற்பாடும் இப்போது உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாதுகாப்பு அல்லாத மாற்றங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மீட்புப் பகுதி விவகாரத்தில் அதனால் பயன் இருந்திருக்காது.

கேட்பவர்களுக்குக் கிடைக்கவும் செய்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாசலிட்டோ என்ற ஊரில் பயண முகவராக இருந்த ஒரு பெண்மணி, தாம் கேட்காமலேயே தம் கணினி விண்டோஸ் 10க்கு மாற முயன்று தொழில் கெட்டுப்போனதாகச் சிறுவழக்கு மன்றத்தில் முறையிட்டார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. மைக்ரோசாஃப்ட் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மேல்முறையீட்டைக் கைவிட்டதால், 2016இல் அவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. ஐரோப்பாவையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத, ஏழெட்டு ஆண்டுப் பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதிபெறவில்லை. என் கடையின் இரண்டு கணினிகளும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டுமென்றால் 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை அந்த நிறுவனத்தின் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொள்ளலாம். அல்லது அந்த நிறுவனத்தின் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்க்கும் ரிவார்ட்ஸ் புள்ளிகளில் 1,000ஐக் கொடுக்கலாம் என்றார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்களுக்கு மட்டும் அமைப்புகளைச் சேமிக்கும் நிபந்தனை இன்றியே இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். நாம் கேட்கவில்லை, நமக்கு அது இல்லை.

நம் நாட்டிலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. குறைபாடுள்ள பொருளால் விளையும் சேதத்துக்கான பொறுப்பைப் பற்றி அதில் தனி அத்தியாயமே உண்டு. கணினியோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்துக்குப் பின்னர் வரும் புதுப்பிப்பும் அதற்குள் அடங்குமா என்பதை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தெளிவுபடுத்த வேண்டும். அடங்காது என்றால் அடங்கும்படி செய்ய வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தை மற்ற மாற்றங்களிலிருந்து பிரித்துத் தருமாறும், தோல்வியடையும் திருத்தம் கணினியைப் பழைய நிலைக்குத் தானே கொண்டுவருமாறு அமைக்கும்படியும், கட்டளைச் சாளரத்தைத் திறக்கச் சொல்லும் எந்தப் பரிகாரத்தையும் வீட்டுப் பயனருக்குத் தீர்வாக முன்வைக்கக் கூடாதென்றும் நிறுவனங்களை வலியுறுத்தும் இடத்தில் அரசு இருக்கிறது. அரசு அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஓடுகின்றன. சான்றிதழுக்காக ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்தவரிடம் "சிஸ்டம் அப்டேட் ஆகுது, நாளைக்கு வாங்க" என்று சொல்லும் நிலை வராமல், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இரவில் புதுப்பிப்பை விடாது சிலவற்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன், எந்தத் துணைமின் நிலையம், எந்தெந்தத் தெருக்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அறிவித்துவிடுகிறது. அதைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. நாங்களும் அதற்கேற்ப முந்தின நாளே வேலையை முடித்துவைக்கிறோம். கணினிப் புதுப்பிப்புகளில் கண்டறியப்பட்ட சிக்கல்களை நிறுவனங்கள் தம் தளங்களில் வெளியிட்டுத்தான் வருகின்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில், தொழில்நுட்பம் தெரிந்தவருக்குப் புரியும் நடையில் இருக்கின்றன. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் நினைவூட்டலாக இரண்டு வரியும், அடுத்துவரும் வாரத்தில் எந்தத் திருத்தம் எந்த வகைக் கணினியில் சிக்கல் தருகிறது, நிறுத்திவைக்கலாமா கூடாதா என்று எளிய தமிழில் நாலு வரியும், அந்த மின்தடைப் பட்டியலுக்குக் கீழே ஒரு சிறு கட்டத்தில் வெளியிட முடியுமா? அதைக் கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டிவைக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தட்டச்சு மற்றும் அழைப்பிதழ் வடிவமைப்பு நிலைய உரிமையாளர்,
கும்பகோணம்.